ஏழாம் தீர்மானத்தில் முதல் கையெழுத்து

ஊத்தடிப்பட்டி,
ஆலங்குளம் வட்டம்.
9.6.2025

தம்பி குற்றாலீஸ்வரனுக்கு,

நலம் விசாரிக்க இது எழுதப்படவில்லை. பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோவிலில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னிலையில், நிலத்தைக் கம்பெனிக்கு விடப்போகிற உன்னோடு இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதில் மாற்றமில்லை. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. உன் போனை எடுக்காததற்கும் இந்தத் தபாலுக்கும் விளக்கம் அவ்வளவுதான்.

சனிக்கிழமை தாலுகா ஆபீசிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. மேட்டுக்காட்டில் அறுபது ஏக்கரில் சோலார் கம்பெனி வரப்போகிறது, ஆட்சேபனை இருந்தால் தெரிவிக்கலாம் என்று. அப்பா பிரித்துக் கொடுத்ததில் உன் பங்குக்கு வந்த பதினோரு ஏக்கர் அதற்கு நட்டநடுவில் இருக்கிறது என்பதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நோட்டீசோடு மே ஒன்றாம் தேதி கிராம சபைத் தீர்மானத்தின் நகல் இருந்தது. ஏழாம் தீர்மானம் இப்படிச் சொல்கிறது: மேற்படி நிலங்களில் ஓடை, வாய்க்கால் எதுவும் கிடையாது, கம்பெனி வருவதில் ஊராருக்கு ஆட்சேபனை இல்லை, ஏகமனதாக நிறைவேறியது. அதற்குக் கீழே அறுபத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து என்னுடையது.

அன்று பள்ளிக்கூட வராந்தாவில்தான் கூட்டம். குடிதண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, நூறு நாள் வேலை என்று பேசினார்கள். சோலாரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முடிந்ததும் ஊராட்சிச் செயலர் இசக்கிமணி நோட்டை நீட்டினான். கையெழுத்துப் போட்டால்தான் வடையும் டீயும், அது இங்கே எப்போதும் உள்ள வழக்கம். பக்கத்தின் மேல் பாதி காலியாக இருந்தது. "தலைப்பு எங்கலே?" என்று கேட்டேன். "வருகைப் பதிவுதான் டீச்சர், பொறவு எழுதிக்கிடுதேன்" என்றான். நானும் போட்டேன், தேதியோடு.

நான் போட்ட பிறகுதான் மற்றப் பெண்கள் போடுவார்கள். அறிவொளி இயக்கத்தில் அவர்களுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தவள் நான். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று கற்றுக்கொடுத்தவளும் நான்தான்.

உன்னிடம் கேட்க ஒன்றே ஒன்று. இதில் உன் கை இருக்கிறதா?

முத்துசெல்வி


சாரல் விடுதி,
குற்றாலம்.
14.6.2025

அக்காவுக்கு,

இந்த லாட்ஜுக்குத் தபால்காரர் பில்லைத் தவிர வேறு எதையும் கொண்டுவந்து ரொம்ப வருஷமாகிறது. "அண்ணாச்சி, கையால எழுதுன கவர் ஒண்ணு வந்திருக்கு" என்று அதிசயமாகக் கொடுத்துவிட்டுப் போனார். சாஸ்தாவிடம் சொன்ன சொல்லில் இப்படி ஒரு சந்து கண்டுபிடிக்க உன்னால்தான் முடியும்.

உன் கேள்விக்குப் பதில்: என் கை இல்லை. தீர்மான நகலைக் கம்பெனிக்காரப் பெண் ஜெயபிரியாதான் போன மாதம் கொண்டுவந்து காட்டினாள். முதல் கையெழுத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு மனசு இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால், சந்தோஷமாக இருந்தது. பக்கத்து லாட்ஜ் சேக் மைதீன் அண்ணாச்சியைத் தேடிப் போய் விஷயத்தைச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தேன். இப்போது அந்த டீயும் வீண்.

என் பாட்டையும் கொஞ்சம் கேள். இந்த வருஷம் சாரல் நன்றாக இருக்கிறது, ரூம் நிரம்புகிறது. ஆனால் சீசன் என்பது மூன்று மாதம். மற்ற ஒன்பது மாதம் ஈ, காக்கா வராவிட்டாலும் கரண்டுக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியாக வேண்டும். லாட்ஜுக்கு வீட்டு ரேட் கிடையாது. ஜூலையில் மறுபடி ஏற்றுவார்கள் என்று பேச்சு. இதில் வருகிறவர்கள் இருக்கிறார்களே, ஐந்தருவியில் இரண்டு மணி நேரம் நின்று நடுங்கிவிட்டு ரூமுக்கு வந்து வெந்நீர் கேட்கிறார்கள். இல்லை என்றால் போனில் ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போகிறார்கள். "ஏலே, எனக்கே குடுத்துட்டு நிம்மதியா இரு" என்று சேக் மைதீன் அண்ணாச்சி இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மேட்டுக்காட்டு வாடகை வந்தால் லாட்ஜ் என் கையில் நிற்கும். வராவிட்டால் நிற்காது.

நானும் ஒன்று கேட்கிறேன். அணு உலை வேண்டாம் என்றீர்கள். நிலக்கரி புகை என்றீர்கள். காற்றாடி வந்தபோது அது மேகத்தை விரட்டுகிறது, மழை பெய்யாது என்று ஊரே சொன்னது. வெயிலில் சும்மா கிடக்கிற கண்ணாடிப் பலகையும் வேண்டாம் என்றால் கரண்ட் எங்கிருந்து வரும்? உன் கிணற்று மோட்டாருக்கு இலவசமாக வருகிறதே, அது மட்டும் வானத்திலிருந்தா வருகிறது? அந்தக் காட்டில் கடைசியாக எள் விளைந்தது எந்த வருஷம் என்று உன்னால் சொல்ல முடியுமா?

அன்று கோவிலில் வைத்தும் ஓடை ஓடை என்றாய். சர்க்கார் வரைபடத்தில் ஓடை இல்லை. சர்க்காரே இல்லை என்பதை நான் எதற்கு இருக்கிறது என்று சொல்ல வேண்டும்?

தம்பி,
குற்றாலீஸ்வரன்


ஊத்தடிப்பட்டி
19.6.2025

தம்பிக்கு,

உன் கை இல்லை என்பதை நம்புகிறேன்.

வெயில் கரண்டுக்கு நான் எதிரி இல்லை. காற்றாடி மேகத்தை விரட்டாது என்று அன்றைக்கு ஊரோடு வாதாடியதும் நான்தான், நீ அதை வசதியாக மறந்துவிட்டாய். பள்ளிக்கூட மாடியில் சோலார் பலகை வைக்கச் சொல்லி மனு எழுதிக் கொடுத்ததும் நான்தான். ஊருக்கு மேற்கே கல்லுக்காடு நூறு ஏக்கர் கிடக்கிறது. அங்கே போட்டால் நானே போய் மாலை போடுவேன். என் சண்டை பலகையோடு இல்லை, இடத்தோடு.

ஓடை வருஷத்தில் இருபது நாள் ஓடும், ஐப்பசி கார்த்திகையில். மற்ற நாட்களில் தேடினாலும் கிடைக்காது. குற்றாலத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத் தண்ணீர் என்றால் பாறையிலிருந்து விழ வேண்டும், சத்தம் போட வேண்டும், பார்க்கப் பஸ் பஸ்ஸாக ஆள் வர வேண்டும். இங்கே உங்கள் சாரலின் காற்று மட்டும்தான் வருகிறது, புழுதியோடு. எங்களுக்கு அந்த இருபது நாள்தான். அதில்தான் செங்குளம் நிறையும். குளம் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகள் ஊறும், ஒரு போகம் நெல் வரும். கம்பெனி நிலத்தைச் சமப்படுத்திச் சுற்றுச்சுவர் எழுப்பினால் தண்ணீர் ரோட்டுப் பக்கம் திரும்பி வாறுகால் சாக்கடையில் போய்ச் சேரும்.

எனக்கு ஒன்றரை ஏக்கர், எப்படியும் பிழைத்துக்கொள்வேன். ஆவுடைத்தாய்க்கு முப்பது சென்ட், அதுதான் அவள் வீட்டு வருஷச் சாப்பாடு. அவள் கையெழுத்து என்னுடையதற்கு நேர் கீழே இருக்கிறது. "நீ போட்ட, அதான் நானும் போட்டேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் காலத்தில் அளக்க வந்தவன் கோடையில் வந்திருப்பான், அதனால் வரைபடத்தில் இல்லை. ஆறாம் வகுப்பில் படிக்கும்போது அந்த ஓடையில் புதுச் செருப்பை விட்டுவிட்டு வந்து நீ அப்பாவிடம் அடி வாங்கினாய். இல்லாத ஓடை செருப்பை இழுத்துக்கொண்டு போகாது.

முத்துசெல்வி


குற்றாலம்
25.6.2025

அக்காவுக்கு,

செருப்பை இழுப்பாய் என்று எதிர்பார்த்தேன். இழுத்துவிட்டாய்.

சரி, ஓடை இருக்கிறது. உன்னிடம் இல்லை என்று சொல்ல என்னால் ஆகாது. ஆனால் இல்லை என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. கம்பெனிக்கு நான் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் மூன்றாவது பாரா அதுதான்: என் நிலத்தில் நீர்வழி எதுவும் இல்லை. ஜெயபிரியா வாசித்துக் காட்டினாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் இரண்டு தடவை படித்தேன். தெரிந்தேதான் போட்டேன். உன்னைப் போல வடைக்குப் போடவில்லை.

மேலே அந்த வடை வரியை அடித்துவிடச் சொன்னாள் என் வீட்டுக்காரி உமாராணி. "மதினிகிட்ட இப்படியா எழுதுதீய?" என்று அரை மணி நேரம் சண்டை. அடிக்காமல் அனுப்புகிறேன், நீயும் என்னைச் செருப்பால் அடித்திருக்கிறாய்.

சுவருக்கு அடியில் பெரிய குழாய் பதித்துத் தண்ணீரைக் குளத்துக்கே விட்டுவிடலாம் என்கிறாள் அந்தப் பெண். நல்ல பெண்தான், பொய் சொல்கிறவள் மாதிரி தெரியவில்லை. நீ அதை ஏற்றுக்கொண்டால் எல்லோருக்கும் நல்லது. என் துண்டை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்றும் கேட்டுப் பார்த்தேன். நடுவில் பதினோரு ஏக்கர் விட்டுப்போனால் அவர்களுக்குச் சரிவராதாம், வேறு ஊர் பார்த்துவிடுவார்களாம். ஆக, நான் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்தான் மொத்தமும் நிற்கிறது. இத்தனை வயதுக்கு என் வாய்க்கு இவ்வளவு மதிப்பு வந்ததில்லை.

குற்றாலீஸ்வரன்


ஊத்தடிப்பட்டி
3.7.2025

தம்பிக்கு,

குழாயைப் பற்றி: முதல் மழைக்கு அந்த ஓடை தண்ணீரை மட்டும் கொண்டுவராது. பனை மட்டை, கருவேல முள், சில வருஷம் செத்த ஆடு. எந்தக் குழாயும் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. இது உனக்கும் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

நேற்று நானும் ஆவுடைத்தாயும் ஆலங்குளம் தாலுகா ஆபீஸ் போனோம். துணைத் தாசில்தார் ஒரு பெண், மரியாதையாகப் பேசினார். கையெழுத்து வருகைக்காகப் போட்டது, தீர்மானம் பிறகு எழுதப்பட்டது என்றேன். "அதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டார். ஆதாரம் இல்லை. அன்று சாப்பிட்ட வடைதான் ஆதாரம். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். "படிக்கத் தெரியாதவங்களா இருந்தா, வாசிச்சுக் காட்டாம வாங்கிட்டாங்கன்னு மனு குடுக்கலாம்மா. தீர்மானத்தை நிறுத்தி வைக்க அது போதும். ஆனா இதுல கைநாட்டே ஒண்ணு கூட இல்லையே. நீங்க தேதி வேற போட்டிருக்கீங்க."

கைநாட்டு இல்லைதான். ஊரில் ஒரு கைநாட்டுக்கூட மிச்சம் இல்லாமல் செய்ய எனக்கு நான்கு வருஷம் ஆனது.

வெளியே வந்தபோது அங்கே இருந்த எழுத்தர் ஒருவர் காதோடு சொன்னார்: "கையெழுத்து மட்டும்தான் போடுவேன், படிக்கத் தெரியாதுன்னு எழுதிக் குடுங்க. முதல் கையெழுத்துக்காரங்க குடுத்தா மத்தவங்க மனுவும் நிக்கும்." நான் கொடுக்காமல் மற்றவர்கள் மட்டும் கொடுத்தால், டீச்சர் படித்துப் பார்த்துத்தானே போட்டார்கள், உங்களுக்குச் சொல்லியிருப்பார்களே என்று கேட்பார்களாம்.

பஸ்ஸில் வரும்போது ஆவுடைத்தாய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "உனக்குப் படிக்கத் தெரியாதுன்னு நீயே எழுதிக் குடுத்தேன்னா, அப்பம் நாங்க உன்கிட்ட படிச்சது என்னது செல்வி?" அவள் இப்போது பேரனுக்கு எழுத்துக்கூட்டி வாசித்துக் காட்டுகிறாள், ரேஷன் கடையில் பில்லைச் சரிபார்க்கிறாள்.

இரண்டு வழி இருக்கிறது. 16ஆம் தேதி புதன்கிழமை மேட்டுக்காட்டில் ஸ்தல விசாரணை. நிலத்துக்காரனே ஓடை உண்டு என்று சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டால், தீர்மானம் யார் போட்டது, எதற்குப் போட்டது என்ற பேச்சே வராது. இல்லாவிட்டால் 21ஆம் தேதி திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் நான் அந்த மனுவைக் கொடுப்பேன்.

எனக்கு இது வெட்கமாக இருக்கிறது. அதை உன்னிடம் மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

முத்துசெல்வி


குற்றாலம்
8.7.2025

அக்காவுக்கு,

அந்த மனுவை எழுதாதே.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். லாட்ஜுக்கு லைசென்ஸ் எடுத்த நாளிலிருந்து எந்தக் காகிதம் வந்தாலும் "மதினிட்ட காட்டிட்டுப் போடுங்க" என்றுதான் உமாராணி சொல்வாள். காட்டிவிட்டுத்தான் போட்டிருக்கிறேன். காட்டாமல் போட்டது இந்தப் பிரமாணப் பத்திரம் ஒன்றுதான், ஏன் என்று உனக்கே தெரியும். அப்படிப்பட்ட நீ படிக்கத் தெரியாது என்று எழுதிக் கொடுப்பாய், அதை இசக்கிமணி டீக்கடையில் வைத்துச் சிரிப்பான். அதை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

அதற்காக ஓடையைப் பற்றிச் சொல்லவும் முடியாது. சொன்னால் கம்பெனி போய்விடும், ஆடி முடிந்தால் கூட்டமும் போய்விடும், அதன் பிறகு லாட்ஜை நான் என்ன செய்ய? இருபத்தாறு வருஷம் அக்கா. உமாராணியின் நகையெல்லாம் அந்த மூன்று மாடியில்தான் இருக்கிறது. கரண்ட் ரேட்டையும் ஏற்றிவிட்டார்கள். இன்றைக்கு அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை. வந்தவர்கள் எல்லாரும் ரூமில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

வேறு ஏதாவது வழி இருந்தால் சொல். நீ யோசித்தால் வரும்.

குற்றாலீஸ்வரன்


ஊத்தடிப்பட்டி
12.7.2025

தம்பிக்கு,

யோசித்தேன், வரவில்லை.

மனுவை எழுதிவிட்டேன். நகல் இத்துடன் இருக்கிறது. உன்னை மிரட்டுவதற்காக அனுப்பவில்லை. யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக அனுப்புகிறேன். லாட்ஜ் போனால் உனக்கு எப்படி இருக்கும் என்பதை நான் யோசிக்காமல் இல்லை. ஓடை உன் நிலத்தில் இருப்பது உன் குற்றமும் இல்லை.

மற்ற பெண்களிடம் சொல்லிவிட்டேன். இருபத்தொரு பேர் வருகிறார்கள். ஆவுடைத்தாய் வரமாட்டேன் என்கிறாள். அவளை நான் வற்புறுத்தவில்லை.

முத்துசெல்வி

(இணைப்பு)

ஐயா,
நான் மேற்படி முகவரியில் வசித்துவருகிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன். 1.5.2025 அன்று கிராம சபையில் என்னிடம் கையெழுத்து வாங்கியபோது அதில் உள்ளதை யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. எனவே மேற்படி ஏழாம் தீர்மானத்தில் உள்ள என் கையெழுத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
மு. முத்துசெல்வி


ஆலங்குளம் பஸ் ஸ்டாண்ட், டீக்கடை
16.7.2025

அக்காவுக்கு,

தபாலில் போட்டால் திங்கட்கிழமைக்குள் வருமோ வராதோ. ஆவுடைத்தாய் என்னோடு ஆலங்குளம் வரைக்கும் வந்திருக்கிறாள், உரம் வாங்க. அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன். எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, நான் எழுதுவதைத் தலைகீழாகவே வாசிக்கிறாள்.

நீ குளத்துக் கரையில் நின்றதைப் பார்த்தேன். குடையைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்றாய். அங்கிருந்து உனக்கு எதுவும் கேட்டிருக்காது. அதனால் எழுதுகிறேன்.

தாசில்தார், சர்வேயர், ஜெயபிரியா, இசக்கிமணி எல்லோரும் வந்திருந்தார்கள். காற்று வேட்டியைப் பறித்துக்கொண்டு போயிற்று. சர்வேயர் வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, "இங்கன ஓடை எதுவும் கிடையாதுல்லா?" என்றார். கேள்வியே அப்படித்தான் கேட்டார். ஆமா என்று தலையாட்டினால் போதும், பஸ் பிடித்து மத்தியானச் சாப்பாட்டுக்குக் குற்றாலம் போயிருப்பேன்.

உன் மனுவின் நகல் என் சட்டைப் பையில் இருந்தது. நேற்று வந்தது. எட்டோ பத்தோ தடவை படித்திருப்பேன். எப்போதும் போல அழகான எழுத்து, ஒரு இடத்தில் கூட அடித்தல் இல்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற வரியிலும் இல்லை.

"இருக்கு சார்" என்றேன்.

இசக்கிமணி குறுக்கே வந்தான். "அண்ணாச்சி, வெயில்ல என்ன பேசுதியன்னு தெரியாம பேசுதிய." நான் அவனை விட்டுவிட்டு அந்த முள் உடைமரம் நிற்கிற இடத்துக்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். மண்வெட்டியை வாங்கி நானே இரண்டடி வெட்டினேன். மேலே செம்மண், உள்ளே வெள்ளை மணல், அலசி வைத்த மாதிரி. பத்தடி தள்ளி வெட்டினேன், அங்கே மணல் இல்லை. தாசில்தார் குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். கார்த்திகையில் இடுப்பளவு போகும் சார் என்றேன். எழுதித் தருவீர்களா என்று கேட்டார். அங்கேயே ஜீப்பின் மேல் வைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜெயபிரியாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "சார், நீர்வழி இல்லேன்னு நீங்கதானே பிரமாணப் பத்திரத்துல கையெழுத்து போட்டிருக்கீங்க?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டாள். கேட்க வேண்டிய கேள்விதான்.

படிக்காமல் போட்டுவிட்டேன் அம்மா என்றேன். எட்டாம் வகுப்பு, இந்தப் பத்திரத் தமிழெல்லாம் எனக்கு விளங்காது, வாசித்தபோது தலையை ஆட்டிவிட்டேன் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. தாசில்தாரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார். என்னைப் பற்றி அப்படிச் சொன்னால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இசக்கிமணி மட்டும் சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

கம்பெனிக்காரர்கள் மேற்கே கல்லுக்காட்டைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். அது அமைந்தால் நல்லது. ரோடு கிடையாது, அமையாது என்றுதான் நினைக்கிறேன். வருகிற வழியில் சேக் மைதீன் அண்ணாச்சிக்குப் போன் செய்துவிட்டேன். சீசன் முடிய லாட்ஜை அவரிடம் கொடுத்துவிடுவேன். உமாராணியிடம் இன்னும் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இப்போதைக்குச் சாயங்காலம் வரை எழுதிக்கொண்டே இருந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஆவுடைத்தாய்க்குப் பஸ் வந்துவிட்டது.

திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகாதே. அந்த மனுவை எடுத்துக் கிழித்துப் போடு. அந்த இருபத்தொரு பேரும் ஏன் கிழித்தாய் என்று கேட்டால், இன்னொரு தடவை படித்துப் பார்த்தேன், பொய் எழுதியிருந்தது என்று சொல்.

தம்பி,
குற்றாலீஸ்வரன்